பந்து வீச்சு மன்னர் பாலு

மைதானம் பெருக்கிய சிறுவன், சீமையில் 114 விக்கெட் வீழ்த்திய கதை

கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து ஒருவர் கையிலேயே இருப்பதில்லை. ஒருவர் வீசுகிறார். இன்னொருவர் பிடிக்கிறார். மூன்றாவது ஆள் அதை வாங்கித் துடைத்து, மறுபடியும் வீசுகிறவர் கையில் கொடுக்கிறார். ஒரு நாள் ஆட்டத்தில் 11 பேர் கையும் அந்தப் பந்தில் பட்டுவிடும்.

அந்தப் பந்து எதனால் ஆனது? தோலால் ஆனது!

தோல் வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்த ஒருவர் அந்தத் தோல் பந்தை வீசினார். உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் அதைப் பிடித்தார்கள். தங்கள் கையாலேயே அவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் தீட்டு இல்லை.

ஆட்டம் நின்றது. டீ வந்தது. மற்ற பத்துப் பேருக்கும் பீங்கான் கோப்பை. அவருக்கு மட்டும் மண் குவளை! அதுவும் கட்டடத்துக்கு வெளியே!

அவர்தான் பல்வங்கர் பாலு. இந்தியாவின் முதல் பெரிய பந்து வீச்சாளர்.

இன்று நம் புதுச்சேரியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் மட்டையும் பந்துமாகச் சிறுவர்களைப் பார்க்கலாம். 2018-ம் ஆண்டு முதல் ரஞ்சி கோப்பைப் போட்டியில் புதுச்சேரிக்கென்று தனி அணியே ஆடுகிறது. அந்தச் சிறுவர்களிடம் பந்து வீச்சாளர்களின் பெயரைக் கேட்டால் பத்துப் பெயர் சொல்வார்கள். அந்தப் பத்தில் பாலுவின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவர் ஆடிய காலம் அப்படி. அப்போது டெலிவிஷன் இல்லை. ரேடியோ கூட இல்லை.

ராணுவ முகாமில் வளர்ந்தவர்

பாலு 1876-ம் ஆண்டு பிறந்தார். பிறந்த ஊர் தார்வார். அது இன்றைய கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் குடும்பத்தின் பூர்வீகம் மேற்குக் கடற்கரையில் உள்ள கொங்கணப் பகுதி. பல்வணி என்ற ஊரின் பெயர்தான் அவர்கள் குடும்பப் பெயராகி, பல்வங்கர் ஆயிற்று.

அது சமார் வகுப்பைச் சேர்ந்த குடும்பம். தோல் பதனிடுவதும் செருப்பு தைப்பதும் அந்த வகுப்பின் தொழில். ஊர்க் கிணற்றில் அவர்கள் தண்ணீர் எடுக்க முடியாது. கோயிலுக்குள் நுழைய முடியாது.

ஆனால் பாலுவின் தந்தை தோல் வேலை செய்யவில்லை. ராணுவத்தைச் சேர்ந்த உத்தியோகத்தில் இருந்தார். அந்த நாளில் தாழ்த்தப்பட்டவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து நடக்க இடம் கொடுத்தவற்றில் ராணுவமும் ஒன்று.

குடும்பம் பூனாவில் தங்கியது. இன்று புனே என்று சொல்கிறோமே, அந்த ஊர்தான். அங்கே வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் நிறையப் பேர் இருந்தார்கள். மாலையில் அவர்களுக்குக் கிரிக்கெட்தான் பொழுதுபோக்கு. அவர்கள் தேய்ந்துபோன பந்தையும் உடைந்த மட்டையையும் தூக்கி எறிவார்கள். பாலுவும் தம்பி சிவராமும் அதைப் பொறுக்கி வந்து விளையாடுவார்கள். அதுதான் அவர்களுடைய கிரிக்கெட் பள்ளிக்கூடம்.

மாதச் சம்பளம் 3 ரூபாய்

வீட்டில் வசதி இல்லை. பாலு சிறு வயதிலேயே வேலைக்குப் போனார். பூனாவில் பார்சிகள் நடத்திய கிரிக்கெட் கிளப்பில் அவருக்கு வேலை கிடைத்தது. மைதானத்தைப் பெருக்க வேண்டும். ஆடுகளத்தில் உருளையை இழுக்க வேண்டும். சம்பளம் மாதம் 3 ரூபாய்.

கிளப் அங்கத்தினர்கள் பயிற்சி செய்யும்போது சில நாள் பந்து வீச ஆள் இருக்காது. அப்போது பையனைக் கூப்பிடுவார்கள். பாலு பந்தை எடுத்து வீசுவார். இடது கையால் வீசுவார்.

1892-ம் ஆண்டை ஒட்டி அவர் பூனா கிளப்புக்கு மாறினார். அது வெள்ளைக்காரர்களின் கிளப். சம்பளம் 4 ரூபாய் ஆயிற்று. வேலையும் கூடியது. ஆடுகளத்தை உருட்டிச் சரிசெய்ய வேண்டும். பயிற்சிக்கு வலை கட்ட வேண்டும். டென்னிஸ் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும்.

அங்கே டிராஸ் என்ற வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். பையன் பந்து வீசும் அழகைக் கவனித்தார். வலையில் தினமும் பந்து வீசும்படி அவனைத் தூண்டினார். கூட்டுகிற பையன் பந்து வீசுகிற பையன் ஆனான்.

ஒரு அவுட்டுக்கு 8 அணா

பூனா கிளப்பில் கிரெய்க் என்று ஒரு ராணுவ அதிகாரி இருந்தார். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் அணிக்கு ஆடியவர். இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார ஆட்டக்காரர்களில் பெரிய புள்ளி.

மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிரெய்க் மைதானத்துக்கு வந்துவிடுவார். பாலுவைப் பந்து வீசச் சொல்லி, தனியாகப் பயிற்சி செய்வார். ஒவ்வொரு தடவை தன்னை அவுட் ஆக்கினாலும் 8 அணா கொடுப்பதாக ஏற்பாடு செய்தார்.

8 அணா என்றால் அரை ரூபாய். மாதம் 4 ரூபாய் வாங்குகிறவருக்கு அது ஏறக்குறைய நாலு நாள் சம்பளம்! ஒரு பந்து சரியாக விழுந்தால் நாலு நாள் கூலி கைக்கு வந்துவிடும். பாலு ஒவ்வொரு பந்தையும் யோசித்து வீசினார்.

அவர் வேகமாக வீசுகிறவர் அல்ல. மெதுவாக வீசிப் பந்தைச் சுழற்றுகிறவர். இடது கைச் சுழல் பந்து தரையில் விழுந்ததும், வலது கை ஆட்டக்காரரை விட்டு வெளியே விலகிப் போகும். ஆட்டக்காரர் அதை எட்டிப் பிடிக்க மட்டையை நீட்டுவார். பந்து மட்டையின் ஓரத்தில் உரசி, பின்னால் நிற்பவர் கைக்குப் போய்விடும். அப்படித்தான் வெளியே போகும் என்று ஆட்டக்காரர் எதிர்பார்த்தால், அடுத்த பந்து உள்ளே திரும்பும். ஒரு பந்து உயரமாக வரும். அடுத்தது தாழ்வாக வரும். எல்லாம் ஒரே கை வீச்சு போலத்தான் தெரியும். எது எப்படி வரும் என்று கண்டுபிடிக்க முடியாது.

கிரெய்க்கின் ஆட்டம் மெருகேறியது. பாலுவின் பந்து வீச்சும் மெருகேறியது.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இவ்வளவு நாளும் பாலு பந்து வீசினாரே தவிர, வலையில் ஒரு தடவை கூட மட்டையைக் கொடுத்து அவரை ஆடச் சொன்னவர் இல்லை. மட்டை பிடிப்பது எஜமானர்களின் வேலை. பந்து வீசுவது வேலைக்காரனின் வேலை. அன்றைய எண்ணம் அது.

சேர்க்கலாமா, கூடாதா?

பூனாவில் இந்துக்களும் ஒரு கிரிக்கெட் அணி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்களை ஒரு தடவையாவது தோற்கடிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதற்கு நல்ல பந்து வீச்சாளர் வேண்டும்.

நல்ல பந்து வீச்சாளர் பக்கத்திலேயே இருந்தார். ஆனால் அவர் தாழ்த்தப்பட்டவர். அவரை அணியில் சேர்க்கலாமா?

அணிக்குள் இரண்டு கட்சி ஆயிற்று. அணியில் இருந்த தெலுங்கு ஆட்டக்காரர்கள் சிலர் சேர்க்கலாம் என்றார்கள். உள்ளூர்ப் பிராமண ஆட்டக்காரர்கள் கூடாது என்றார்கள்.

இந்தச் சமயத்தில் கிரெய்க் தம் கருத்தைப் பத்திரிகைக்குச் சொன்னார். பாலுவை ஒதுக்கி வைத்தால் இந்துக்களைப் போல முட்டாள்கள் இருக்க முடியாது என்பதே அதன் சாரம். அவர் சாதி ஒழிப்புக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பாலுவின் பந்து எப்படிப்பட்டது என்று தினமும் எதிரே நின்று பார்த்தவர். அவ்வளவுதான்.

கடைசியில் வெற்றி ஆசை ஜெயித்தது. பாலு அணியில் சேர்க்கப்பட்டார்.

மண் குவளை

சேர்த்தார்கள். ஆனால் நிபந்தனையோடு சேர்த்தார்கள்.

மைதானத்துக்குள் இருக்கும் வரை பாலு மற்றவர்களுக்குச் சமம். கோட்டைத் தாண்டி வெளியே வந்தால் சமம் இல்லை. இடைவேளையில் மற்றவர்கள் கட்டடத்துக்குள் போய் உட்காருவார்கள். பாலு வெளியே நிற்க வேண்டும். அவருக்கு டீ மண் குவளையில் வரும். குடித்துவிட்டுத் தூக்கி எறிந்துவிடலாம். மற்றவர்கள் அதைத் தொட வேண்டியது இல்லை. சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி மேசை. முகம் கழுவத் தண்ணீர் வேண்டுமானால் தாழ்த்தப்பட்ட வேலைக்காரர் ஒருவர்தான் கொண்டுவந்து ஊற்றுவார்.

நம் தமிழ்நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். பூனா மைதானத்தில் நடந்ததும் அதுவேதான். ஒரு வித்தியாசம். இங்கே மண் குவளையில் குடித்தவர்தான் மற்ற பத்துப் பேருக்கும் வெற்றி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்!

பாலு அணியில் சேர்ந்ததும் பூனா இந்துக்கள் வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்கத் தொடங்கினார்கள்.

ஒரு வாரம் உருட்டிய ஆடுகளம்

பூனாவுக்குத் தெற்கே சதாரா என்ற ஊர். அங்கே வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் ஒரு கிளப் இருந்தது. அவர்கள் பூனா இந்துக்களை ஆட்டத்துக்கு அழைத்தார்கள்.

பாலுவைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். ஆடுகளம் இளகி இருந்தால்தான் பந்து சுழலும். கல்லுப் போல இறுகிவிட்டால் சுழலாது. ஆகவே ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் உருளையை இழுத்து ஆடுகளத்தை இறுக்கிவிட்டார்கள்.

ஆடுகளத்தை உருட்டும் கலையை அவர்கள் யாருக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள்? சிறு வயது முதல் உருளை இழுத்தே வளர்ந்தவருக்கு எதிராக! எந்த மண் எப்படி இறுகும், பந்து எந்த இடத்தில் விழுந்தால் என்ன செய்யும் என்பது பாலுவுக்கு மனப்பாடம்.

அந்த ஆட்டத்தில் பாலு 7 விக்கெட் வீழ்த்தினார். பூனா இந்துக்கள் எளிதாக வென்றார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் பாராட்டு விழா நடந்தது. புகழ்பெற்ற சீர்திருத்தத் தலைவரும் நீதிபதியுமான ரானடே, பாலுவைப் பாராட்டிப் பேசினார். கூடவே அணியின் மற்ற ஆட்டக்காரர்களுக்கு ஒரு புத்திமதியும் சொன்னார். சேர்ந்து ஆட முடிகிறவர்கள் சேர்ந்து சாப்பிடவும் வேண்டாமா என்பது அவர் கேட்ட கேள்வி. பழைய ஆசாரங்களில் பற்றுள்ளவர் என்று பெயர் வாங்கிய திலகரும் பாலுவைப் பாராட்டினார். தாழ்த்தப்பட்ட வாலிபர் ஒருவருக்கு அந்தக் காலத்தில் இது மிகப் பெரிய மரியாதை.

பம்பாய்க்குப் போனார்

1896-ம் ஆண்டு வாக்கில் அந்தப் பகுதியில் பிளேக் நோய் பரவத் தொடங்கியது. பாலு பம்பாய்க்குப் போனார். சிறிது காலம் ராணுவத்தில் இருந்தார். பிறகு ரெயில்வேயில் வேலை கிடைத்தது. அங்கேயும் கிரிக்கெட் ஆடினார்.

பம்பாயில் இந்து ஜிம்கானா என்ற பெரிய கிளப் இருந்தது. அவரை அங்கே சேர்க்கும்போதும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பை மீறிச் சேர்த்துக்கொண்டார்கள்.

தம்பி சிவராமும் பம்பாய் வந்து சேர்ந்தார். அவர் மட்டை பிடிப்பதில் கெட்டிக்காரர். அண்ணன் பந்து வீசுவார். தம்பி ரன் குவிப்பார். பின்னால் இன்னும் இரண்டு தம்பிகள் வந்தார்கள். ஒருவர் கண்பத். இன்னொருவர் விட்டல். நான்கு சகோதரர்களும் இந்து அணிக்கு ஆடியவர்கள்! இந்த நான்காவது பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

1906: நாடே பேசிய வெற்றி

அந்தக் காலத்தில் பம்பாயில் மதவாரியாக அணிகள் இருந்தன. ஐரோப்பியர் அணி, பார்சி அணி, இந்து அணி. பிறகு 1912-ல் முஸ்லிம் அணியும் போட்டியில் சேர்ந்தது. அரசாங்கத்தை நடத்துகிறவர்கள் ஐரோப்பியர்கள். அவர்களை ஆட்டத்தில் தோற்கடிப்பது வெறும் விளையாட்டு அல்ல.

1906 பிப்ரவரியில் இந்து அணியும் ஐரோப்பியர் அணியும் பம்பாயில் மோதின. காலத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டுதான் ஜப்பான் ரஷ்யாவைப் போரில் தோற்கடித்திருந்தது. வங்காளத்தைக் கர்சான் பிரபு இரண்டாகப் பிரித்ததும் அதே ஆண்டில்தான். சுதேசி இயக்கம் சூடு பிடித்திருந்தது. ஆசியாக்காரன் ஐரோப்பியனை வெல்ல முடியும் என்ற எண்ணம் எங்கும் பரவியிருந்தது.

இந்துக்கள் முதலில் 242 ரன் எடுத்தார்கள். ஐரோப்பியர்கள் 191. இரண்டாவது ஆட்டத்தில் இந்துக்கள் 160. ஐரோப்பியர்கள் 102 ரன்னில் சுருண்டார்கள். இந்துக்களுக்கு 109 ரன் வித்தியாசத்தில் வெற்றி! பாலு மொத்தம் 8 விக்கெட் வீழ்த்தினார். தம்பி சிவராமும் நன்றாக ஆடினார்.

அப்போது பம்பாயில் ஒரு சீர்திருத்தப் பத்திரிகை நடந்துவந்தது. அதன் ஆசிரியர் கே. நடராஜன். தஞ்சை மாவட்டத்தில் பிறந்த தமிழர். மற்றவர்கள் வெற்றியைப் பற்றி எழுதினார்கள். அவருடைய பத்திரிகை வெற்றிக்குப் பின்னால் இருந்த இன்னொரு செய்தியைச் சுட்டிக் காட்டியது.

அது என்ன? பம்பாய் இந்து ஜிம்கானாவில் பாலுவும் சிவராமும் மற்ற ஆட்டக்காரர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்! பூனாவில் மண் குவளை. பம்பாயில் ஒரே மேசை. அந்தக் கதவு திறந்ததுதான் நாட்டின் விடுதலைப் பாதையில் பெரிய அடையாளம் என்று அந்தப் பத்திரிகை கருத்துத் தெரிவித்தது.

மறு ஆண்டும் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியர்களை வென்றார்கள்.

சீமைப் பயணம்

1911-ம் ஆண்டு. இந்தியாவின் எல்லா வகுப்பாரும் சேர்ந்த ஒரு கிரிக்கெட் அணி முதல் தடவையாக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபேந்தர் சிங். அவருக்கு வயது 19. அணியில் பார்சிகள் இருந்தார்கள், இந்துக்கள் இருந்தார்கள், முஸ்லிம்கள் இருந்தார்கள். விக்கெட் கீப்பர் சென்னைக்காரரான கே. சேஷாச்சாரி. பாலுவும் சிவராமும் போனார்கள்.

பாலுவுக்கு அப்போது வயது 35. பந்து வீச்சாளருக்கு அது இறங்கு வயது.

அந்த ஆண்டு இங்கிலாந்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா. மகாராஜா விருந்து, விழா என்று போய்விட்டார். ஆட்டங்களின் சுமை மற்றவர்கள் தோளில் விழுந்தது. பந்து வீச்சில் அது பெரும்பாலும் ஒரே ஒருவர் தோளில் விழுந்தது. பாலுவின் தோள்!

குளிர் நாடு. ஈர மண். பழக்கமில்லாத ஆடுகளம். இங்கிலாந்தின் பெரிய கவுண்டி அணிகள் எதிரே நின்றன. இந்திய அணி தோல்வி மேல் தோல்வி அடைந்தது. முதல் தர ஆட்டங்கள் 14. அதில் தோற்றவை 10. வென்றவை இரண்டுதான். லெஸ்டர்ஷயரையும் சாமர்செட்டையும் வென்றார்கள். சாமர்செட்டுக்கு எதிரான ஆட்டம் ஒரே ஒரு விக்கெட் வித்தியாசத்தில் கிடைத்தது. அதில் சிவராம் அவுட் ஆகாமல் 113 ரன் எடுத்தார்.

அணி தோற்றது. பாலு தோற்கவில்லை. எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து அவர் 114 விக்கெட் வீழ்த்தினார். ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி 19-க்கும் குறைவு. கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்துக்கு எதிராக ஒரே ஆட்டப் பகுதியில் 8 பேரை வெளியேற்றினார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற இடது கைப் பந்து வீச்சாளர் ரோட்ஸ் என்பவரோடு அவரை ஒப்பிட்டு, இந்தியாவின் ரோட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சீமையிலேயே தங்கித் தங்களுக்கு ஆடும்படி கவுண்டி அணிகள் அவரை அழைத்தன. பாலு நாடு திரும்பினார்.

மைதானத்தில் நாலு ரூபாய்க்குக் கோடு போட்டவர் இப்போது நாட்டின் முதல் பந்து வீச்சாளர்!

வாழ்த்துப் பத்திரம் கொடுத்த மாணவர்

பம்பாயில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஒரு வரவேற்புக் கூட்டம் நடத்தினார்கள். அதில் பாலுவுக்கு வாழ்த்துப் பத்திரம் அளித்தவர் ஒரு கல்லூரி மாணவர். பெயர் பீமராவ் அம்பேத்கர்.

ஆம்! பிற்காலத்தில் அரசியல் சட்டத்தை வகுத்துக் கொடுத்த டாக்டர் அம்பேத்கர்தான். அன்று அவருக்கு 20 வயதுதான். தாழ்த்தப்பட்ட மக்கள் தங்களில் ஒருவர் என்று தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ள அன்று கிடைத்த பெரிய பெயர் பாலு.

திறக்காத கதவு

பந்து வீச்சு பாலுவுக்குப் பல கதவுகளைத் திறந்தது. அணியில் இடம் கிடைத்தது. மேசையில் இடம் கிடைத்தது. கப்பலில் இடம் கிடைத்தது. ஆனால் ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. அது அணித் தலைவர் பதவி.

இந்து அணியில் அவரைவிட அனுபவம் உள்ளவர் கிடையாது. அவரைவிட அதிக விக்கெட் எடுத்தவர் கிடையாது. 1910-ம் ஆண்டு முதல் அவரைத் தலைவர் ஆக்க வேண்டும் என்ற பேச்சு ஒவ்வோர் ஆண்டும் எழுந்தது. ஒவ்வோர் ஆண்டும் வேறு ஒருவர் தலைவர் ஆனார். அந்த வேறு ஒருவர் எப்போதும் உயர்சாதிக்காரராகவே இருந்தார்.

1913-ல் எம்.டி. பை என்பவர் தலைவர் ஆனார். அவர் நேர்மையானவர். பாராட்டு விழாவிலேயே, இந்தக் கௌரவம் தம்மைவிட மூத்தவரான பாலுவுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதோடு சரி. நிலைமை மாறவில்லை.

1920-ல் விவகாரம் முற்றியது. பை உடல் நலம் இல்லாமல் இருந்தார். அப்போதும் பாலு தலைவர் ஆகவில்லை. தியோதர் என்ற இளம் ஆட்டக்காரர் தலைவர் ஆக்கப்பட்டார். அதோடு பாலுவை அணியிலிருந்தே நீக்கிவிட்டார்கள்!

தம்பிகள் சிவராமும் விட்டலும் பொறுக்கவில்லை. ஆட மாட்டோம் என்று விலகினார்கள். தாங்கள் ஏன் விலகுகிறோம் என்று பகிரங்க அறிக்கையும் வெளியிட்டார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்ற ஒரே காரணத்துக்காகத் தங்கள் அண்ணனின் தகுதி மறுக்கப்படுகிறது என்று அதில் எடுத்துக் காட்டினார்கள். காந்திஜி தீண்டாமைக்கு எதிராக நாடு முழுவதும் பேசிவந்த காலம் அது. ஜனங்கள் சகோதரர்கள் பக்கம் நின்றார்கள்.

அணியின் நிர்வாகிகள் இறங்கி வந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு மூவரையும் திரும்ப அழைத்தார்கள். குணமடைந்து வந்த பை தலைவர். பாலு உதவித் தலைவர். ஆட்டத்தின் நடுவே பை மைதானத்தை விட்டு வெளியே போனார். தலைமை பாலுவின் கைக்கு வந்தது.

இந்து அணியைப் பாலு மைதானத்தில் நடத்தினார். 44 வயதில், சிறிது நேரம்! அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

தம்பிக்குக் கிடைத்தது

பாலு ஓய்வு பெற்றார். போராட்டம் ஓயவில்லை. நான்காவது பெயரை நினைவில் வைக்கச் சொன்னோமே, அந்த விட்டல் இப்போது அணியின் சிறந்த ஆட்டக்காரர். அவரையும் ஒதுக்கப் பார்த்தார்கள். ஆனால் காலம் மாறிவிட்டது. 1923-ல் விட்டல் இந்து அணியின் தலைவர் ஆனார்.

அந்த ஆண்டே ஐரோப்பியர்களைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஆட்டம் முடிந்ததும் ஜனங்கள் ஓடி வந்து விட்டலைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தூக்கியவர்களில் உயர்சாதி இந்துக்கள் பலர்.

அண்ணனின் மண் குவளையைத் தொட மறுத்தார்கள். தம்பியைத் தோளில் சுமந்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஓடியது ஏறக்குறைய 30 ஆண்டு. அந்த 30 ஆண்டும் பாலு பந்து வீசிய காலம்.

தேர்தல் களம்

பிற்காலத்தில் பாலு பொதுவாழ்வுக்கு வந்தார். அவர் காந்திஜியின் வழியில் நம்பிக்கை வைத்தார். தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டும் என்று அம்பேத்கர் கேட்டார். எல்லோரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத் தொகுதிதான் நல்லது என்பது பாலுவின் கருத்து. சென்னையைச் சேர்ந்த தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜாவும் இதே கருத்துக்கொண்டவர்.

1932-ல் தனித்தொகுதியை எதிர்த்துக் காந்திஜி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் அம்பேத்கர் கையெழுத்துப் போட்டார். எம்.சி. ராஜாவும் ராஜாஜியும் போட்டார்கள். பாலுவும் போட்டார். கூட்டித் துடைத்த அதே பூனாவின் பெயர் தாங்கிய ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது!

1937-ல் பம்பாய் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் பாலுவை நிறுத்தியது. எதிர்த்து நின்றவர் யார்? டாக்டர் அம்பேத்கர்!

26 ஆண்டுக்கு முன் வாழ்த்துப் பத்திரம் கொடுத்தவரும் அதை வாங்கிக்கொண்டவரும் எதிர் எதிரே நின்றார்கள். அம்பேத்கருக்கு 13,245 வாக்கு. பாலுவுக்கு 11,225 வாக்கு. 2,020 வாக்கு வித்தியாசத்தில் அம்பேத்கர் வென்றார்.

இருவரும் ஒரே நோயைக் கண்டவர்கள். மருந்துதான் வேறு. அம்பேத்கர் உரிமையைச் சட்டத்தால் வாங்க வேண்டும் என்றார். பாலு தம் திறமையால் மற்றவர்கள் மனத்தை மாற்ற முடியும் என்று நம்பினார். அவருடைய வாழ்க்கை அப்படி அமைந்தது. ஆனால் எல்லோர் கையிலும் பாலுவின் பந்து இருக்குமா? திறமை இல்லாத சாதாரண மனிதனுக்கும் பீங்கான் கோப்பை வேண்டாமா? அதற்குச் சட்டம்தான் வேண்டியிருந்தது.

மறைவு

பாலு மொத்தம் 33 முதல் தர ஆட்டங்கள் ஆடினார். 179 விக்கெட் எடுத்தார். ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 15 ரன்தான் கொடுத்தார். இந்தியா முதல் டெஸ்ட் ஆட்டம் ஆடியது 1932-ல். அதற்குள் அவருக்கு வயது 56. ஆகவே டெஸ்ட் ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

1955-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி பம்பாயில் பாலு காலமானார். வயது 79. கிரிக்கெட் ஆட்டக்காரர்களும் அரசியல் தலைவர்களும் இறுதி ஊர்வலத்துக்கு வந்தார்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூன் 1-ந் தேதி, சுதந்திர இந்தியாவில் ஒரு சட்டம் அமலுக்கு வந்திருந்தது. அதுதான் தீண்டாமைக் குற்றச் சட்டம். ஓட்டலிலோ பொது உணவு விடுதியிலோ ஒருவருக்குப் பொதுப் பாத்திரத்தைக் கொடுக்க மறுத்தால் தண்டனை உண்டு என்று அந்தச் சட்டம் சொன்னது.

பூனாவில் மண் குவளையை வாங்கிக் குடித்தவர், குவளையில் தீட்டுப் பார்ப்பது குற்றம் என்று நாடு சட்டம் செய்ததைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.